இறால் ஈரலிலும் மீன் செவுளிலும் ஒட்டுண்ணி பார்க்க: சாயம் போடும் முறைகள்

ஐஸ் பெட்டியில் செத்து வந்த இறாலுக்கு எவ்வளவு விலை உயர்ந்த சாயம் போட்டாலும் பயன் இல்லை. ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர் என்று பழவேற்காடு ஏரியைச் சுற்றி நெல்லூர் வரை பரவியிருக்கும் சிறு ஆய்வகங்களில் சரியாக வராத ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்தால், கோளாறு சாயத்தில் இருப்பதைவிட, சாயக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே நடந்திருப்பதுதான் அதிகம். அதனால் முதலில் மாதிரியைப் பற்றிப் பேசிவிடுவோம்.

ஹெபடோபேன்கிரியாஸ் என்கிற ஈரல்கணையத்தைக் குட்டைக்காரர்கள் எல்லாரும் ஈரல் என்றே சொல்கிறார்கள். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். அது செரிமான நொதிகள் நிறைந்த உறுப்பு. இறால் செத்த சில நிமிடங்களிலேயே அந்த நொதிகள் ஈரலின் செல்களையே கரைக்கத் தொடங்கிவிடும். ஐஸில் வைத்தால் வேகம் குறையும், நிற்காது. ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் மோசம்: ஐஸ் படிகம் செல்லைக் கிழித்துவிடும், ஸ்லைடில் வெறும் கூழ்தான் தெரியும். இறாலை உயிரோடு, ஆக்சிஜன் அடைத்த பையில், அந்தக் குட்டைத் தண்ணீரிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். தடாவுக்கு அப்பால் குட்டையைச் செருவு என்று தெலுங்கில் சொல்லும் விவசாயிக்கும் இதைப் புரியவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எத்தனை இறால் வேண்டும்? கைக்குக் கிடைத்த ஐந்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. பெரிய குட்டையில் 10 சதவீத இறாலுக்கு நோய் இருந்தால், அதில் ஒன்றாவது மாதிரியில் சிக்க 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் ஏறக்குறைய 30 இறால் எடுக்க வேண்டும். 5 சதவீதம் என்றால் 60, 2 சதவீதம் என்றால் 150. சாயம் போட்டுப் பார்ப்பதற்கு இவ்வளவு எடுப்பது நடைமுறையில் கஷ்டம். அதனால் வளர்ச்சி குன்றியது, ஓடு தளர்ந்தது, குடல் வெளுத்தது என்று பொறுக்கி எடுங்கள். கூடவே நன்றாக இருக்கிற இரண்டு மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பிட நல்ல ஈரல் கையில் இல்லாமல் கெட்ட ஈரலைப் படிக்க முடியாது.

இந்தப் பகுதியில் இன்று முதலில் தேடப்படுவது இ.எச்.பி. என்கிற என்டெரோசைட்டோஸூன் ஹெபடோபினேயி. தாய்லாந்தில் கறுப்பு இறாலில் கண்டு 2009இல் பெயரிட்டார்கள். இந்தியப் பண்ணைகளில் வளர்க்கும் வனாமி இறாலில் அது வந்திருப்பது 2016இல் ஆய்விதழில் வெளியானது. மைக்ரோஸ்போரிடியா என்கிற, பூஞ்சைக்கு நெருங்கிய ஒற்றைச் செல் ஒட்டுண்ணி வகையைச் சேர்ந்த இது ஈரல் குழாய்களின் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும். ஸ்போரின், அதாவது அதன் வித்தின், நீளம் 1.1 முதல் 1.7 மைக்ரான், அகலம் 0.7 முதல் 1 மைக்ரான். அதாவது ஒரு பாக்டீரியா அளவுதான். சிரமம் எல்லாம் இந்த அளவிலிருந்தே வருகிறது. 100 மடங்கு ஆயில் லென்ஸும், அளவு குறித்த கண்ணாடி பொருத்திய கண்வில்லையும் இல்லாமல் இதைத் தேடவே கூடாது.

ஈரல் ஒற்று எடுப்பது

இறாலை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி மயக்குங்கள். தலையோட்டைக் கத்தரியால் தூக்கி ஈரலை முழுசாக எடுத்து மூன்றாக வெட்டுங்கள். ஒரு துண்டு 95 சதவீத ஆல்கஹாலில், பி.சி.ஆர். என்கிற மரபணுச் சோதனைக்கு. ஒன்று ஒற்றுக்கு, அதாவது ஸ்லைடில் தொட்டுச் செல்களைப் பதிய வைப்பதற்கு. மூன்றாவதை மைக்ரோஸ்கோப்பில் பச்சையாகவே நசுக்கிப் பாருங்கள். சாயம் போடுமுன் இரண்டு நிமிடம் அதைப் பார்ப்பது எந்த நாளும் வீண் போகாது.

ஒற்று எடுக்கும் துண்டின் வெட்டுமுகத்தை முதலில் வடிதாளில் இரண்டு முறை மெல்லத் தட்டுங்கள். ஈரலில் எண்ணெய் அதிகம். தட்டாமல் ஸ்லைடில் வைத்தால் எண்ணெய்ப் படலத்தின் மேல் செல்கள் மிதக்கும், சாயம் போடும்போது மொத்தமும் கழன்று போகும். தட்டிய பிறகு ஸ்லைடில் மூன்று நான்கு இடத்தில் தொட்டுத் தொட்டு எடுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் செல் உடைந்து ஸ்போர்கள் சிதறிவிடும். ஸ்போர்கள் செல்லுக்குள் கும்பலாக இருக்கிற அந்தக் காட்சிதான் உங்களுக்கு நல்ல சாட்சி.

உடனே காயவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கரைக் காற்றில் ஸ்லைடு கால் மணி நேரம் ஆனாலும் ஈரமாகவே கிடக்கும். அதற்குள் செல் சுருங்கி உருக்குலையும். மின்விசிறி போதாது. 40 டிகிரிக்குச் சூடாக்கிய தகட்டில் வையுங்கள், அல்லது தலைமுடி உலர்த்தியை ஓரடி தள்ளிப் பிடியுங்கள். காய்ந்ததும் மெத்தனாலில் 5 நிமிடம். அந்த மெத்தனால் குப்பி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதில் நனைத்த செல்களில் பளபளக்கும் குமிழ்கள் வரும், அதையும் ஸ்போர் என்று எண்ணிவிடுவார்கள். ஒரு நாளைக்கு வேண்டியதைச் சின்னக் குப்பியில் ஊற்றிக்கொண்டு பெரிய குப்பியை மூடிவைப்பதே நல்லது.

ட்ரைக்ரோம்: ஒற்றுக்கு முதல் தேர்வு

மைக்ரோஸ்போரிடியா ஸ்போரின் சுவர் கெட்டி, உள்ளே கைட்டின் படலம் உண்டு. சாதாரணச் சாயம் அதற்குள் எளிதில் போகாது. அதனால் சாயத்தின் அடர்த்தியைக் கூட்டி, நேரத்தையும் கூட்டி உள்ளே தள்ளுகிறோம். மனித மலத்தில் மைக்ரோஸ்போரிடியா தேடுவதற்காக 1992இல் வெபரும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட முறை இது. சாதாரண ட்ரைக்ரோம் சாயத்தைவிட இதில் குரோமோட்ரோப் என்கிற சிவப்புச் சாயப் பொடி பத்து மடங்கு அதிகம். இறால் ஈரலுக்கும் அப்படியே கைகொடுக்கும்.

குரோமோட்ரோப் 2ஆர் 6 கிராம், ஃபாஸ்ட் கிரீன் 0.15 கிராம், பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் 0.7 கிராம். இந்தப் பொடிகளை உலர்ந்த பீக்கரில் போட்டு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 3 மி.லி. ஊற்றிக் கலக்கி அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர் 100 மி.லி. சேருங்கள். கருஞ்சிவப்பாக, கிட்டத்தட்ட நாவல்பழச் சாறு போல இருக்கும். அந்த அரை மணி நேரத்தை அவசரப்பட்டு விட்டுவிட்டால் சாயம் வெளிறியே வரும். காரம் தட்டிய பீக்கராக இருந்தாலும் கெட்டுவிடும். சோப்பு போட்டுக் கழுவிய பாத்திரத்தை வடித்த தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

மெத்தனாலிலிருந்து எடுத்த ஸ்லைடு காய்ந்ததும் இந்தச் சாயத்தில் அறை வெப்பத்தில் 90 நிமிடம் நிற்க வேண்டும். நேரம் இல்லையென்றால் 50 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் சாய ஜாடியை வைத்து 10 நிமிடம் போதும். ஆனால் வெப்பம் 50இலேயே நிற்கிறதா என்று வெப்பமானியால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கழுவல், இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 90 சதவீத ஆல்கஹால் 995.5 மி.லி., அசிட்டிக் அமிலம் 4.5 மி.லி. கலந்த கரைசலில் ஸ்லைடை முக்கி, சிவப்பு வழிவது நின்றதும் எடுத்துவிட வேண்டும். 10 விநாடிக்கு மேல் போகக் கூடாது. கூடினால் ஸ்போரிலிருந்தும் சிவப்பு இறங்கிவிடும்; குறைந்தால் பின்னணி முழுக்கச் சிவந்து ஸ்போர் ஒளிந்துகொள்ளும். பிறகு 95 சதவீத ஆல்கஹாலில் ஒரு முக்கு, புதிய 95 சதவீதத்தில் 5 நிமிடம், முழு ஆல்கஹாலில் 10 நிமிடம், சைலீனில் 10 நிமிடம், டி.பி.எக்ஸ். என்கிற ஒட்டுப்பசை வைத்து கவர் ஸ்லிப்.

பார்க்கும்போது: பச்சை கலந்த மங்கிய பின்னணி. அதன் மேல் இளஞ்சிவப்பு முதல் செஞ்சிவப்பு வரை, முட்டை வடிவத்தில், விளிம்பு கூர்மையாக ஸ்போர்கள் இருக்கும். ஃபோகஸ் திருகியை மயிரிழை அளவு அசைத்தால் சில ஸ்போர்களின் ஒரு முனையில் வெளுத்த பள்ளம் தெரியும். சிலவற்றில் நடுவே குறுக்காக ஒரு பட்டை ஓடும். இ.எச்.பி. அளவில் அந்தப் பட்டை எல்லா ஸ்போரிலும் தெரியாது. 20 ஸ்போரில் இரண்டு மூன்றில் தெரிந்தாலே நம்பலாம். ஒன்றிலும் தெரியாமல் வெறும் சிவப்புப் புள்ளிகளாக இருந்தால் கையை நிறுத்துங்கள்.

ஏனென்றால் அந்தச் சிவப்புப் புள்ளி பாசிலஸ் ஸ்போராக இருக்கலாம். தீவனத்திலும் தண்ணீரிலும் புரோபயாட்டிக் போடாத குட்டை இந்தப் பக்கம் அரிது. பாசிலஸ் என்கிற அந்தப் புரோபயாட்டிக் பாக்டீரியாவின் ஸ்போரும் ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவுதான், முட்டை வடிவம்தான். கழிச்சலிலோ குடலிலோ எடுத்த ஒற்றில் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும். வெல்லப்பாகில் ஊறவைத்துக் கொடுக்கும் ஈஸ்ட்டும் சேர்ந்து வரும், ஆனால் அது நாலைந்து மடங்கு பெரிது, மொட்டு விட்டிருக்கும், எளிதில் பிரித்துவிடலாம். ஆகவே கழிச்சலில் சந்தேகம் வந்தால் ஈரலுக்குப் போங்கள். ஈரல் செல்லின் உள்ளே கும்பலாகக் கிடந்தால் அது பாசிலஸ் இல்லை.

கால்கோஃப்ளோர்: வேகம், கூடவே பொறி

ஃப்ளோரெசென்ஸ் மைக்ரோஸ்கோப் இருந்தால் இதைவிட வேகமான முறை கிடையாது. கால்கோஃப்ளோர் வைட் சாயம் கைட்டினில் ஒட்டி, புற ஊதா ஒளியில் நீலவெள்ளையாக ஒளிரும். காய்ந்த ஒற்றின் மேல் 0.1 சதவீதக் கால்கோஃப்ளோர் ஒரு சொட்டு, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு, கவர் ஸ்லிப், ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள். ஸ்போர்களின் விளிம்பு சுண்ணாம்பால் வரைந்த முட்டை போலத் தெரியும். எவன்ஸ் ப்ளூ கலந்த சாயம் வாங்கினால் பின்னணி சிவந்து அடங்கிவிடும்.

பொறி எங்கே என்றால், இறாலின் உடம்பிலேயே கைட்டின் இருக்கிறது. கழிச்சலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையும் கைட்டின், குடலின் பின்பகுதி உட்சுவரும் கைட்டின். கழிச்சல் ஒற்றில் கால்கோஃப்ளோர் போட்டால் மைக்ரோஸ்கோப்பில் தெரியும் புலம் முழுக்கத் தீபாவளி போல ஒளிரும். அதில் எதை எண்ணுவது? ஈஸ்ட், பூஞ்சை எல்லாமும் ஒளிரும். ஈரல் குழாய்க்குள் கைட்டின் உறை இல்லை, அதனால் ஈரல் ஒற்றில் மட்டும் நம்பிப் போடலாம். ஒளிர்வதை எல்லாம் எண்ணாமல், அளவுகோலில் 2 மைக்ரானுக்குள் இருக்கிற முட்டை வடிவத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

டேவிட்சன் திரவமும் திசுச் சீவலும்

ஸ்போர் இருக்கிறதா என்பதோடு திசுவுக்கு என்ன ஆகியிருக்கிறது என்றும் தெரிய வேண்டுமானால், திசுவைப் பாரஃபினில் பதித்து மெல்லியதாக வெட்டும் சீவல்தான் வழி. திசு அழுகாமல் நிறுத்த இறாலுக்கு டேவிட்சன் திரவம்: 95 சதவீத ஆல்கஹால் 330 மி.லி., ஃபார்மலின் 220 மி.லி., கிளேசியல் அசிட்டிக் அமிலம் 115 மி.லி., தண்ணீர் 335 மி.லி. மொத்தம் ஒரு லிட்டர். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு கலக்குங்கள்.

உயிருள்ள இறாலை மயக்கி, ஊசியால் திரவத்தை உள்ளே செலுத்த வேண்டும். எடையில் 5 முதல் 10 சதவீதம். 15 கிராம் இறாலுக்கு ஏறக்குறைய ஒரு மி.லி. முதலில் ஈரலுக்கு, அதிகப் பங்கும் அதற்கே. பிறகு தலையின் முன்பகுதி, வயிற்றின் முன்பகுதி, பின்பகுதி என்று கொஞ்சம் கொஞ்சமாக. ஈரல் இருக்கும் இடம் ஓட்டின் வழியே ஆரஞ்சாக மாறுவது கண்ணுக்குத் தெரியும். மாறவில்லை என்றால் ஊசி வேறு எங்கோ போயிருக்கிறது. உடனே ஆறாவது வயிற்றுக் கண்டத்திலிருந்து கொம்பின் அடிவரை, முதுகின் நடுக்கோட்டை ஒட்டிப் பக்கவாட்டில் ஓட்டை மட்டும் கத்தரித்து, இறாலைப் போல் பத்து மடங்கு திரவத்தில் போடுங்கள். 24 மணி முதல் 72 மணி வரை வைக்கலாம். அதே இறாலில் பின்னால் மரபணுச் சோதனை செய்யும் எண்ணம் இருந்தால் 24 மணி நேரத்தோடு நிறுத்தி 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள், அமிலம் டி.என்.ஏவை உடைக்கும்.

பாரஃபின் ஏற்றுவது, கட்டி வார்ப்பது எல்லாம் வழக்கப்படிதான். ஒன்று மட்டும்: அக்னி நட்சத்திரத்தில் பாரஃபின் இளகிப்போய் சீவல் கசங்கும். மீன் இறங்குதளத்தில் கிடைக்கும் ஐஸ் ஒரு பாளம் வாங்கி, கட்டியின் முகத்தைப் பத்து நிமிடம் அதன் மேல் கவிழ்த்து வைத்துச் சீவுங்கள். பொதுவாக 5 மைக்ரான் தடிமன் போதும், ஆனால் ஒரு மைக்ரான் ஸ்போரைத் தேட 3 அல்லது 4 மைக்ரானுக்கு இறங்க வேண்டும். தடித்த சீவலில் ஸ்போர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அழுக்குத் திட்டாகவே தெரியும்.

ஹெமடாக்சிலின், ஈயோசின் சாயத்தில் ஈயோசினோடு ஃப்ளாக்சின் சேர்ப்பது இறாலுக்கு வழக்கம். 1 சதவீத ஈயோசின் 100 மி.லி., 1 சதவீத ஃப்ளாக்சின் பி 10 மி.லி., 95 சதவீத ஆல்கஹால் 780 மி.லி., கிளேசியல் அசிட்டிக் அமிலம் 4 மி.லி. மேயர் ஹெமடாக்சிலினில் 5 நிமிடம், ஓடும் தண்ணீரில் 5 நிமிடம், இந்தக் கலவையில் 2 நிமிடம், பிறகு ஆல்கஹால், சைலீன். ஹெமடாக்சிலினின் மேல் உலோகப் பளபளப்போடு ஆடை படியும். தினமும் வடிகட்டாவிட்டால் அந்த ஆடை நொறுங்கி ஸ்லைடில் நீலப் பொட்டுகளாக ஒட்டும்.

ஓடும் தண்ணீர் என்றதும் ஒரு விஷயம். ஹெமடாக்சிலின் ஏறியதும் செந்நீலமாக இருக்கும், காரத் தண்ணீர் பட்டால்தான் நல்ல நீலமாக மாறும். இங்குள்ள ஆய்வகங்களில் போர்த் தண்ணீர் உப்பு என்று கேன் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஆர்.ஓ. தண்ணீரில் காரமே இல்லை, எவ்வளவு நேரம் கழுவினாலும் நீலம் வராது. ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் சோடியம் பைகார்பனேட் 3.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 20 கிராம் கலந்துகொள்ளுங்கள், இரண்டு நிமிடத்தில் நீலம் வந்துவிடும். பிறகு சாதாரணத் தண்ணீரில் ஒரு அலசல்.

இந்தச் சீவலில் இ.எச்.பி. செல்லின் சைட்டோபிளாசத்தில் நீலம் தோய்ந்த ஒழுங்கற்ற திட்டுகளாகவும், முதிர்ந்த ஸ்போர் இருந்தால் நுண்ணிய மணிகளின் கும்பலாகவும் தெரியும். இளம் பருவத்தில் ஸ்போரே இருக்காது, திட்டு மட்டும்தான். தொற்று லேசாக இருந்தால் இரண்டும் கண்ணில் படாது. சாயத்தில் காணவில்லை என்பதால் குட்டை சுத்தம் என்று எழுதித் தராதீர்கள். "100 மடங்கு லென்ஸில் 100 புலம் பார்த்தோம், ஸ்போர் தென்படவில்லை" என்று எழுதுங்கள், ஸ்போர் சுவர்ப் புரத மரபணுவைத் தேடும் பி.சி.ஆருக்கு அனுப்புங்கள். குஞ்சு வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சாயம் போதவே போதாது.

வெள்ளைக் கழிச்சலில் புழு போல மிதப்பவை

இறாலின் வெள்ளைக் கழிச்சலை அப்படியே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒளி ஊடுருவும், நீண்ட, புழு வடிவங்கள் ஏராளமாகத் தெரியும். பார்த்தவுடன் கிரெகரின் என்கிற குடல் ஒட்டுண்ணி என்று எழுதிவிடுவது பழைய வழக்கம். இவற்றில் பெரும்பங்கு உயிரியே இல்லை. ஈரல் குழாய்ச் செல்களின் நுண்விரல்கள் உரிந்து திரண்டு உருண்டவை அவை என்று தாய்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். பிரித்தறிய எளிய வழி சாயம்தான். கழிச்சல் ஒற்றை மெத்தனாலில் நிறுத்தி ஜீம்சாவோ ஹெமடாக்சிலினோ போடுங்கள். கிரெகரின் என்றால் தெளிவான ஒரு உட்கரு நிறமேறி நிற்கும், உடல் இரண்டு அறையாகப் பிரிந்திருப்பதும் தெரியும். உரிந்த திரள் என்றால் உட்கரு எதுவும் இருக்காது, வெறும் உறையும் கலங்கிய உள்ளீடும்தான். இந்த ஒரு சாயத்தைப் போடாமல் புழு மருந்து எழுதிக் கொடுப்பதால் விவசாயியின் பணம்தான் தண்ணீரில் போகிறது.

மீன் செவுள்: ஜீம்சா

ரோகு, கட்லா செவுளில் கடுகு போல வெள்ளைக் கட்டிகள் இருந்தால் முதலில் மிக்சோபோலஸ் என்கிற ஒட்டுண்ணியை நினையுங்கள். கட்டியை ஸ்லைடில் உடைத்து, பச்சையாக ஸ்போரின் நீள அகலத்தை அளந்து எழுதிவிடுங்கள், காய்ந்தபின் சுருங்கிவிடும். பிறகு மெல்லிய ஒற்று, மெத்தனால் 5 நிமிடம், ஜீம்சா ஒன்றுக்கு ஒன்பது பங்கு பஃபர், 30 நிமிடம்.

ஜீம்சாவின் உயிர், பி.எச். மாறாமல் காக்கும் கரைசலான பஃபரில் இருக்கிறது. லிட்டருக்கு 9.47 கிராம் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் ஒரு குப்பி, 9.08 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் இன்னொரு குப்பி. முதலாவதில் 72, இரண்டாவதில் 28 என்ற அளவில் கலந்தால் பி.எச். 7.2 பக்கம் வரும். மீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஹெமடாக்சிலினுக்கு நன்மை செய்த காரத் தண்ணீர் இங்கே எதிரி. அதில் ஜீம்சாவைக் கலந்தால் எல்லாம் ஒரே நீலமாகி உட்கருவின் ஊதா தெரியாது. அமிலமாகப் போனால் எல்லாம் ரோஜா நிறம். கலந்த ஜீம்சாவை அன்றே பயன்படுத்துங்கள். ஒரு மணி நேரம் ஆனாலே மேலே படலம் கட்டும். ஸ்லைடை எடுக்கும்போது அப்படியே தூக்காமல், பஃபரை ஊற்றி அந்தப் படலத்தை வழியவிட்ட பிறகு எடுங்கள்.

நன்றாக வந்த ஸ்லைடில் மிக்சோபோலஸின் முன்முனையில் இரண்டு துருவக் குமிழ்களும் பேரிக்காய் வடிவத்தில் கருநீலமாக நிற்கும். பச்சை ஸ்போரில் லூகால் அயோடின் ஒரு சொட்டு விட்டால் பின்பகுதியில் பழுப்பான ஒரு உருண்டை தெரியும், இனம் பிரிக்க அதுவும் ஒரு குறிப்பு.

செவுளைச் சீவலுக்கு வைக்கும்போது நடுநிலை ஃபார்மலின்தான் வேண்டும்: ஃபார்மலின் 100 மி.லி., தண்ணீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். வெறும் ஃபார்மலினும் தண்ணீரும் கலந்து போட்டால், அமிலம் ஏறி, செவுளின் ரத்தத்தோடு சேர்ந்து கரும்பழுப்புத் துகள்களாகப் படியும். அதை ஒட்டுண்ணி என்று அறிக்கை எழுதிய ஸ்லைடுகள் உண்டு. ஆல்கஹாலில் பூரிதமாகக் கரைத்த பிக்ரிக் அமிலத்தில் சீவலை முக்கி வைத்தால் அந்தத் துகள் மறைந்துவிடும். உண்மையான ஒட்டுண்ணி மறையாது.

ஜிலேபி மீனிலும், கொளத்தூரிலிருந்து வாங்கிவரும் வண்ணமீன்களிலும் மண்ணீரல், சிறுநீரகத்தில் வெள்ளை முடிச்சுகள் தெரிந்தால், புழுவின் கூடு என்று முடிவெடுப்பதற்கு முன் சீல் நீல்சன் சாயம் ஒன்று போடுங்கள். மீனின் காசநோய்க் கிருமி அதில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். கையுறை கட்டாயம்: கைவிரல் காயம் வழியே அந்தக் கிருமி மனிதருக்கும் ஏறும்.

ட்ரைகோடைனாவுக்கு வெள்ளி

செவுளிலும் தோலிலும் சக்கரம் போலச் சுழலும் ட்ரைகோடைனாவைக் கண்டுபிடிக்கச் சாயமே வேண்டாம். எந்த இனம் என்று சொல்வதற்குத்தான் சாயம் வேண்டும், அதற்கு வட்டத்துக்குள் இருக்கும் பல்வரிசையை எண்ண வேண்டும். செவுள் சுரண்டலை மெல்லியதாகப் பரப்பிக் காயவையுங்கள், மெத்தனால் வேண்டாம். 2 சதவீத சில்வர் நைட்ரேட்டில் 8 நிமிடம், வடித்த தண்ணீரில் அலசல், பிறகு வெள்ளைப் பீங்கான் தட்டில் வடித்த தண்ணீருக்கு அடியில் ஸ்லைடை வைத்து வெயிலில் 20 முதல் 30 நிமிடம். பழுப்பு ஏறியதும் எடுத்து அலசிக் காயவையுங்கள்.

ஏரி மடவை, கொடுவா போன்ற உவர்நீர் மீன்களில் இது அடிக்கடி கெடும். சளியில் இருக்கும் உப்பின் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். காய்ந்த ஸ்லைடை வெள்ளியில் போடுமுன் வடித்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை முக்கி எடுத்தால் போதும்.

மடவையின் தசையில் கிடைக்கும் புழுக்கூடுகளுக்கு கார்மைன். கூட்டை ஊசியால் பிரித்துப் புழுவை எடுத்து, கவர் ஸ்லிப்பின் கனத்தில் மட்டும் அமுக்கி, 85 சதவீத ஆல்கஹால் 85 மி.லி., ஃபார்மலின் 10 மி.லி., அசிட்டிக் அமிலம் 5 மி.லி. கலந்ததை ஓரத்திலிருந்து விடுங்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹால், அசிட்டோகார்மைன். வேண்டிய அளவைவிட அதிகமாகவே சிவக்க விட்டு, ஒரு சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த 70 சதவீத ஆல்கஹாலில், மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே சிவப்பை இறக்குங்கள். விந்தகம், உறிஞ்சி எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஆல்கஹாலில் நீரை நீக்கி, தெளியவைக்கக் கிராம்பு எண்ணெய் போதும். சைலீன் போல அது புழுவை மொறுமொறுப்பாக்காது.

ஆளி எடுப்பவர்கள் பெர்கின்சஸ் என்கிற ஆளி ஒட்டுண்ணியைப் பார்க்கச் சொன்னால், செவுள் துண்டை உப்பும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் சேர்த்த தயோகிளைகோலேட் ஊடகத்தில் இருட்டில் 4 முதல் 7 நாள் வைத்து, பிறகு ஸ்லைடில் குத்தி மசித்து, நீர்த்த லூகால் அயோடின் விடுங்கள். பெருத்த ஸ்போர்கள் கருநீல உருண்டைகளாகத் தெரியும். லூகால் நீர்க்காமல் கெட்டியாக விட்டால் திசுவும் சேர்ந்து கறுத்துவிடும்.

கடைசியாக ஸ்லைடுகளை வைக்கும் விதம். ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும், ஒட்டுண்ணி இருப்பது உறுதியான பழைய பாரஃபின் கட்டியிலிருந்து ஒரு சீவலும் கூடவே போக வேண்டும். அதில் ஸ்போர் தெரியவில்லை என்றால் அன்றைய முடிவுகள் எதையும் தராதீர்கள். ஜீம்சா ஒற்றை நெடுநாள் வைக்க வேண்டுமானால் ஆயிலை முழுக்கத் துடைத்து, டி.பி.எக்ஸ். வைத்து மூடி, வெளிச்சம் படாத பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மரப்பெட்டி வேண்டாம், கடற்கரை ஈரத்தில் அதில் பூஞ்சை பிடித்து ஸ்லைடுக்கும் பரவும். சிலிகா ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் வாட்டித் திரும்பப் போடலாம்.